மாமாவின் ரேப்பும் பன்னிரண்டு சிலிண்டரும்

போன கிழமை டொலார்-டே-ஓர்மோ திருமுருகன் கோயிலில் சாப்பாட்டு வரிசையில் நிற்கும்போது எங்கட ரொக்ஸ்பரோத் தெருப் பெடியன் ஒருவன் பக்கத்தில் வந்து நின்றான். பதினாறு வயது. கோடை விடுமுறையில் வேலை செய்து சேர்த்த காசு 900 டொலர் கையில் இருக்கிறதாம். “அக்கா, கிராண்ட் ப்றீ எடுக்க என்ன கமரா வாங்கலாம்?”

நான் கல்யாண வீடு, அரங்கேற்றம் எல்லாம் வீடியோ எடுக்கிற ஆள் என்று அவனுக்குத் தெரியும். ஒரு கமராவின் பெயரைச் சொல்லியிருந்தால் அவனுக்கும் எனக்கும் வேலை முடிந்திருக்கும். ஆனால் வீட்டில் கிடக்கிற ஒரு ரேப் ஞாபகத்துக்கு வந்ததால் வாய் திறக்கவில்லை. “முதலில் ஒரு ரேப் காட்டுகிறேன், வா” என்றேன்.

அந்த ரேப் என் மாமாவுடையது. எண்பதுகளின் நடுவில் மொன்றியலுக்கு வந்தவர். தோளில் தூக்கி வைக்கும் பெரிய வீஎச்எஸ் கமரா ஒன்று வைத்திருந்தார். 1995 யூன் 11, ஞாயிற்றுக்கிழமை, காரை கோத்-வெர்த்து மெத்ரோ நிலையத்தடியில் விட்டுவிட்டு, மெத்ரோ ஏறி, பெரி-யூகாமில் மஞ்சள் பாதைக்கு மாறி, தீவில் போய் இறங்கினார். இன்றைக்கு ஜோன்-ட்ராப்போ என்று சொல்கிற அந்த நிலையத்துக்கு அப்போது ஈல்-சாந்த்-எலென் என்று பெயர். இரண்டு மணித்தியால ரேப் ஒன்று, மேலதிக பற்றரி இரண்டு, புளிச்சாதம் ஒரு பெட்டி.

அன்றைக்கு வென்றவர் ஜோன் அலெசி. 27 ஆம் இலக்க ஃபெராரி. அன்று அவருக்கு 31 ஆவது பிறந்தநாள். ஃபோர்முலா 1 இல் அவர் வாழ்நாளில் வென்ற ஒரே ஓட்டமும் அதுதான். இன்னொன்றும் இருக்கிறது, அதுதான் இந்தக் கதைக்கு முக்கியம். அந்தக் காரில் இருந்தது பன்னிரண்டு சிலிண்டர் இயந்திரம், வி12. அதற்குப் பிறகு ஃபோர்முலா 1 இல் எந்த வி12 காரும் வெல்லவில்லை. ஃபெராரி அடுத்த வருஷமே பத்து சிலிண்டருக்கு மாறிவிட்டது. கடைசி வி12 வெற்றியின் சத்தம் கேட்டது எங்கட ஊர்த் தீவில். அதை என் மாமா பதிவு செய்தார்.

ரேப்பைப் போட்டுக் காட்டினேன். பெடியன் சிரித்தான். “அக்கா, இது மிக்ஸியில் சட்னி அரைக்கிற சத்தம்.”

உண்மைதான். கார் தூரத்தில் வரும்போது சத்தம் நன்றாக இருக்கும். கிட்ட வந்ததும் கரகரவென்று உடைந்து, தட்டையாகி, ஒரு இரைச்சலாக முடியும். கார் போன பிறகு இரண்டு மூன்று வினாடிக்கு ஒன்றுமே கேட்காது, பிறகு மெல்ல மெல்லச் சனத்தின் சத்தம் எழும்பி வரும். ஏன் இப்படி? அந்தக் காலத்து வீட்டுக் கமராவில் ஒலி அளவைக் கமராவே கூட்டிக் குறைத்துக்கொள்ளும். அமைதியாக இருந்தால் கூட்டும், பெரிய சத்தம் வந்தால் அவசரமாகக் குறைக்கும், பிறகு ஆறுதலாகத்தான் திரும்பக் கூட்டும். காரோ அதை விட வேகம். அத்தோடு அந்தச் சின்ன மைக் தாங்கக்கூடிய எல்லைக்கு மேலே சத்தம் போனதும் ஒலி அலையின் தலை வெட்டுப்பட்டு விடும். வெட்டுப்பட்ட தலையை எந்த மென்பொருளாலும் பழையபடி ஒட்ட முடியாது. நான் முயன்று பார்த்தேன், பல இரவுகள்.

படம் மட்டும் பரவாயில்லை. மங்கல்தான், ஆனால் கார் கார்தான். போனது சத்தம். ஓட்டப் பந்தயத்தைப் படம் பிடித்தவர்களின் கதையைத் தேடித் தேடி வாசிக்கத் தொடங்கியபோது, மாமாவுக்கு வந்த இதே பிரச்சினை அவருக்கு முன்னும் பின்னும் பலருக்கு வந்திருப்பதைக் கண்டேன். வேகத்தைக் கமரா தானாகக் காட்டாது. எங்கே நிற்கிறாய், எதைக் கேட்கிறாய் என்ற இரண்டும்தான் வேகத்தைக் காட்டும்.

எங்கட ஊரிலிருந்தே தொடங்கலாம். ரொக்ஸ்பரோவிலிருந்து நகரத்துக்குக் காரில் போனால் சென்-லோறோன் வரும். அங்கே கோத்-டி-லியெஸ் வீதியில் கனடாவின் தேசியத் திரைப்படச் சபை பல பத்து வருஷமாக இருந்தது. ஒட்டாவாவிலிருந்து 1956 இல் இங்கே வந்தது. மொன்றியலுக்கு வந்த இரண்டே வருஷத்தில் மிஷேல் ப்ரோ, ஜில் க்ரூ என்ற இரண்டு இளைஞர்கள் ஷேர்ப்ரூக்கில் நடந்த பனிச்சப்பாத்துக்காரர்களின் கூடலைப் படம் பிடிக்கப் போனார்கள். ‘லே ராக்கெத்தேர்’ என்ற அந்தக் குறும்படம் 1958 இல் வந்தது. அதிலும் ஓட்டப் போட்டி இருக்கிறது. ஆனால் ப்ரோ செய்தது என்ன? தூரத்தில் ஒளிந்து நின்று நீண்ட லென்ஸால் எடுக்கவில்லை. அகன்ற கோண லென்ஸைப் போட்டுக்கொண்டு சனத்துக்கு நடுவில் போய் நின்றார். பார்ப்பவனும் சனத்தோடு நிற்கிற மாதிரி இருக்கும். சில வருஷத்தில் பிரான்ஸ்காரர் ஜோன் ரூஷ் அவரைத் தன் படத்துக்கு அழைத்துக்கொண்டு போகுமளவுக்கு அந்த முறை பேசப்பட்டது.

அதே சபையில் ஜோன்-க்ளோட் லாப்ரெக் என்ற இன்னொரு கமராக்காரர் 1965 இல் ‘60 சைக்கிள்ஸ்’ என்று ஒரு படம் எடுத்தார். கெபெக்கில் நடந்த ஒரு சைக்கிள் ஓட்டம். இவர் நேர் எதிர். மிக நீண்ட லென்ஸை மாட்டி வெகு தூரத்தில் நின்றார். சைக்கிள்காரர்கள் வருகிறார்கள், வருகிறார்கள், மிதிக்கிறார்கள், ஆனால் கிட்ட வராத மாதிரி இருக்கும். நீண்ட லென்ஸ் முன்னுக்கும் பின்னுக்கும் உள்ள தூரத்தைச் சுருக்கி, நூறு மீற்றர் இடைவெளியில் வருகிறவர்களை ஒருவர் முதுகில் ஒருவர் இருக்கிற மாதிரி ஆக்கிவிடும். ஒரே கட்டிடத்தில் வேலை செய்த இரண்டு பேர். ஒருவர் கிட்ட, ஒருவர் தூர. இரண்டும் சரி. ஆனால் ஓடுவது பனிச்சப்பாத்து அல்ல, மணிக்கு 300 கிலோமீற்றரில் கார் என்றால் ப்ரோவின் வழி உன்னைக் கொன்றுவிடும்.

அந்த இக்கட்டுக்கு ஹொலிவூட் கண்ட வழி, கமராவையே ஓட்டத்துக்குள் அனுப்புவது. ஜோன் ஃபிராங்கன்ஹைமர் ‘கிராண்ட் ப்றீ’ படத்தை 1966 இல் எடுத்தபோது, முன்னாள் உலகச் சம்பியன் ஃபில் ஹில் கமரா பூட்டிய காரை ஓட்டினார். அந்த வருஷம் பெல்ஜியத்தின் ஸ்பா ஓட்டத்தில் முதல் சுற்றில் கடைசிக் காராக அவர் பின்னால் போக, திடீரென்று மழை கொட்டி முன்னால் போன பல கார்கள் வழுக்கி மோதின. ஜக்கி ஸ்ருவேர்ட் பெற்றோல் ஒழுகும் காருக்குள் சிக்கிக் கிடந்தது அந்தச் சுற்றில்தான். படத்துக்கு மூன்று ஒஸ்கார் கிடைத்தது: படத்தொகுப்பு, ஒலி, ஒலி விளைவு. கவனித்தீர்களா? ஒளிப்பதிவுக்கு இல்லை. மூன்றில் இரண்டு காதுக்குக் கிடைத்தது.

ஸ்ரீவ் மக்குவீனின் ‘லே மான்’ படக்காரர்கள் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். 1970 லே மான் 24 மணித்தியால ஓட்டத்திலேயே கமராக்கள் பூட்டிய போர்ஷே 908 ஒன்றைப் போட்டியாளராக இறக்கினார்கள். ஹேர்பேர்ட் லிங்க, ஜொனதன் வில்லியம்ஸ் என்ற இரண்டு பேர் ஓட்டினார்கள். மற்றவர்கள் பெற்றோலுக்கு நிற்க, இவர்கள் படச்சுருள் மாற்றவும் நின்றார்கள். நின்று நின்றும் ஓட்டத்தை முடித்தார்கள், ஆனால் ஓடிய தூரம் போதாதென்று இறுதிப் பட்டியலில் சேர்க்கவில்லை. எனக்கு மிகவும் பிடித்த கமராக்காரர்கள் இவர்கள்தான். கல்யாண வீட்டில் தாலி கட்டும் நேரம் மெமரி கார்ட் நிரம்பி ஓடுபவர்களுக்கு இவர்களின் கஷ்டம் விளங்கும்.

சத்தத்தை வைத்து எப்படி ஏமாற்றலாம் என்பதற்கும் ஒரு படம் இருக்கிறது. க்ளோட் லெலூஷ் 1976 இல் விடியற்காலைப் பரீஸ் வீதிகளில் ஒரே மூச்சில் எடுத்த எட்டு நிமிடப் படம். காரின் மூக்கில் கமரா. ஒரு ஃபெராரி சிவப்பு விளக்குகளைத் தாண்டிக் கர்ஜித்துக்கொண்டு போகிறது. உண்மையில் ஓடியது ஒரு பெரிய மெர்சிடிஸ். அதன் மெத்தென்ற ஓட்டம் கமராவை ஆடாமல் வைத்திருந்தது. ஃபெராரியின் சத்தம் பிறகு சேர்த்தது. அதோடு, விடியற்காலை வீதியில் ஆட்கள் நடமாடும்போது அப்படி ஓட்டியது பெரிய தவறு. படம் நன்றாக இருக்கிறதே என்று அதை மறக்க வேண்டாம்.

பிறகு தொலைக்காட்சி. 1979 இல் அவுஸ்திரேலியாவின் பாத்தர்ஸ்ட் ஓட்டத்தில் சிட்னியின் செவன் அலைவரிசைக்காரர்கள் பீற்றர் வில்லியம்சன் ஓட்டிய ரொயோற்றா செலிகாவுக்குள் கமராவும் மைக்கும் பூட்டி நேரடியாக ஒளிபரப்பினார்கள். அவர் ஓட்டிக்கொண்டே வர்ணனையாளர்களோடு கதைத்தார். ஃபோர்முலா 1 இல் 1985 ஜேர்மன் ஓட்டத்தில் றெனோ குழு கமரா பூட்டுவதற்கென்றே மூன்றாவது கார் ஒன்றை இறக்கியது. ஓட்டியவர் ஃபிரோன்சுவா எனோ. எட்டாவது சுற்றில் கிளச் போய் நின்றுவிட்டார். இன்றைக்கு எல்லாக் காரிலும் கமரா இருக்கிறது, நாங்கள் கைபேசியில் பார்த்துக்கொண்டு இடியப்பம் சாப்பிடுகிறோம்.

நோத்ர்-டாம் தீவுக்குத் திரும்பி வருவோம். அந்தத் தீவே 1967 உலகக் கண்காட்சிக்காக மண் கொட்டி உண்டாக்கியது. மெத்ரோச் சுரங்கம் தோண்டிய மண்ணும் அதில் இருக்கிறது. 1978 ஒக்ரோபர் 8 இல் அங்கே நடந்த முதல் கிராண்ட் ப்றீயில் கெபெக்கின் பிள்ளை ஜில் வில்னேவ் வென்றார். 1982 இல் பெல்ஜியத்தில் அவர் இறந்த பிறகு பாதைக்கு அவர் பெயர் வைத்தார்கள்.

அந்தப் பாதையில் எங்கட ஆட்களும் ஓடியிருக்கிறார்கள், அது பலருக்குத் தெரியாது. கோயம்புத்தூர் நரேன் கார்த்திகேயன் 2005 இல் ஜோர்டன் காரில் இங்கே ஓடினார். பிறகு 2011, 2012 இல் இஸ்பானியா குழுவுக்காக வந்தார். சென்னை கருண் சந்தோக் 2010 இல் ஓடி 18 ஆவதாக முடித்தார். இதில் ஒரு ஒலி வரலாறும் இருக்கிறது. நரேன் 2005 இல் ஓட்டியது பத்து சிலிண்டர். 2011 இல் எட்டு சிலிண்டர். 2014 இல் ஆறு சிலிண்டர் ரேர்போ வந்தது, சத்தம் அடங்கிவிட்டது. அந்த வருஷம் இரசிகர்கள் போட்ட சத்தம்தான் காரின் சத்தத்தை விடப் பெரிது. புகைக்குழாயில் எக்காளம் மாதிரி ஒரு வாயை மாட்டிச் சத்தத்தைக் கூட்டலாமா என்று மெர்சிடிஸ் பார்சலோனாவில் பரிசோதித்துக்கூடப் பார்த்தது. சரிவரவில்லை. ஒரு முறை போன சத்தம் போனதுதான். பதிவில் இருந்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை.

இவ்வளவும் கேட்டுவிட்டுப் பெடியன் கேட்டான், “சரி அக்கா, அப்ப 900 டொலருக்கு?”

முதல் செலவு காதுக்கு. நல்ல காது மூடி ஒன்று, 30, 40 டொலர் போதும். இப்போதைய கார்கள் அமைதி என்றாலும் பழைய கார்க் கண்காட்சி ஓட்டங்களும், சின்ன வகை ஓட்டங்களும், மோட்டார் சைக்கிள்களும் காதைக் கெடுக்கும். மாமா அந்த வருஷங்களில் காதில் ஒன்றும் போடவில்லை. இன்றைக்கு அவரோடு கதைப்பதென்றால் வலது பக்கம் போய் நிற்க வேண்டும்.

இரண்டாவது, தனியான ஒலிப்பதிவுக் கருவி. கமராவில் இருக்கிற மைக்கை நம்ப வேண்டாம். 2019 அளவில் இருந்து 32 பிற் ஃபுளோட் என்று ஒரு முறையில் பதியும் சின்னக் கருவிகள் கடைக்கு வந்துவிட்டன. அவை கிசுகிசுப்பையும் கர்ஜனையையும் ஒரே பதிவில் வைத்திருக்கும், ஒலி அளவை நாங்கள் பிறகு வீட்டில் இருந்து திருத்தலாம். மாமாவின் கமரா தடுமாறியது இந்த இடத்தில்தான். ஆனால் ஒரு எச்சரிக்கை: கருவி தாங்கினாலும் மைக் தாங்க வேண்டும். மைக் வாங்கும்போது அது எத்தனை டெசிபல் வரை தாங்கும் என்று குறிப்புத்தாளில் பாருங்கள். 110 என்று போட்டிருந்தால் வைத்துவிட்டு வாருங்கள். 130க்கு மேல் தேடுங்கள். மேடைப் பாடகர்கள் பிடிக்கும் சாதாரண டைனமிக் மைக் விலை குறைந்தது, பெரிய சத்தத்துக்கு அஞ்சாது. அதற்கு மேலே பஞ்சுத் தொப்பி அல்ல, மயிருள்ள காற்றுத் தடுப்பு வேண்டும். தீவில் சென் லோறோன் ஆற்றுக் காற்று எப்போதும் அடிக்கும்.

மூன்றாவதுதான் கமரா. பழைய கமரா ஒன்றும் நீண்ட ஸூம் லென்ஸும் பாவித்த பொருளாக வாங்கலாம், அல்லது லென்ஸை அந்த வார இறுதிக்கு வாடகைக்கு எடுக்கலாம். புதிய கமராவுக்கு முழுக் காசையும் போடுவதை விட இது மேல். ஷட்டரை மிக வேகமாக வைக்க வேண்டாம். 1/1000 இல் எடுத்தால் கார் நிறுத்தி வைத்த மாதிரி இருக்கும், சக்கரம் சுற்றாது. வினாடிக்கு 30 படம் என்றால் 1/60 இல் வைத்து, காரோடு இடுப்பிலிருந்து திரும்புங்கள். கார் தெளிவாகவும் பின்னால் மரங்கள் கோடாகவும் வரும். வெயிலில் 1/60 வைக்க முடியாதபடி படம் வெளுத்துப் போகும், அதற்கு லென்ஸுக்கு முன்னால் மாட்டும் கறுப்புக் கண்ணாடி வடிகட்டி ஒன்று வேண்டும். விலை மலிவான கமராக்களில் திரையை மேலிருந்து கீழாகக் கோடு கோடாக வாசிப்பதால், வேகமாகத் திரும்பும்போது கம்பங்கள் சரிந்து நிற்கும். அதைக் கண்டு பயப்பட வேண்டாம்.

இப்போது கிட்டவும் தூரமும் மோதுகிற இடத்துக்கு வருகிறேன். சத்தம் ஒரு வினாடிக்குக் கிட்டத்தட்ட 340 மீற்றர்தான் போகும். நீ 170 மீற்றர் தள்ளி நின்று லென்ஸால் இழுத்து எடுத்தால், படத்தில் கார் கிட்ட இருக்கும், சத்தம் அரை வினாடி பிந்தி வரும். பார்ப்பவனுக்கு என்ன பிழை என்று தெரியாது, ஆனால் ஏதோ பொய்யாக இருக்கும். வெட்டித் தொகுக்கும்போது ஒலியை அரை வினாடி முன்னுக்கு இழுக்க வேண்டும். அல்லது பதிவுக் கருவியோடு ஒரு நண்பனைப் பார்வையாளர் வேலிக்கு அருகில் இருத்திவிட்டு நீ மேலே மேடையில் நிற்கலாம்.

கார் கடந்து போகும்போது சுருதி இறங்குவதையும் கேளுங்கள். மணிக்கு 300 கிலோமீற்றரில் உன் முன்னால் போகிற கார் மேல் ஸட்ஜத்தில் வந்தால், போகும்போது காந்தாரத்தின் பக்கத்தில் இறங்கியிருக்கும். சனிக்கிழமை பாட்டு வகுப்பு எதற்கு என்று கேட்கிறவர்களுக்கு இது என் பதில். அந்த இறக்கம் முழுதாகப் பதிய வேண்டுமென்றால் கார் வரும் முன்பே பதியத் தொடங்கி, போய் மறைந்த பிறகும் பத்து வினாடி வாயை மூடிக்கொண்டு நிற்க வேண்டும்.

தூரத்தில் நில் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. 2024 ஏப்ரல் 21 இல் இலங்கையில் தியத்தலாவை ஃபொக்ஸ் ஹில் ஓட்டத்தில் ஒரு கார் பாதையை விட்டு விலகிப் பார்வையாளர்களுக்குள் புகுந்தது. ஏழு பேர் இறந்தார்கள். அதில் எட்டு வயதுப் பிள்ளையும் ஒன்று. அந்தக் காணொளிகள் ரொக்ஸ்பரோவில் எங்கட கைபேசிகளுக்கும் வந்தன. நான் ஒரு தரம்தான் பார்த்தேன். வேலி இல்லாத இடத்தில், வளைவின் வெளிப்பக்கத்தில், எவ்வளவு நல்ல படம் கிடைக்கும் என்றாலும் நிற்க வேண்டாம். கமராக் கண்ணாடிக்குள்ளால் பார்க்கிறவனுக்குப் பக்கத்தில் என்ன வருகிறதென்று தெரியாது. 300 மில்லிமீற்றர் லென்ஸ் வாங்குகிற காசு அந்தத் தூரத்தை வாங்குகிற காசு.

1995 இல் மாமாவும் பிழை விட்டார். அலெசி வென்றதும் சனம் வேலியைத் தாண்டிப் பாதைக்குள் இறங்கியது. கார்கள் இன்னும் ஓடிக்கொண்டிருந்தன. மாமாவும் இறங்கினார், கமரா ஓடியபடி. ரேப்பின் கடைசிப் பகுதி அதுதான். புல், சப்பாத்து, யாருடையதோ சிவப்புக் கொடி. அலெசியின் காரில் பெற்றோல் முடிந்து நின்றுவிட, ஷூமாக்கர் தன் காரின் மேல் அவரை ஏற்றிக்கொண்டு போனார். அதை மாமா எடுக்கவில்லை, அவர் அந்த நேரம் ஓடிக்கொண்டிருந்தார்.

பெடியன் அந்தப் பகுதியைத் திரும்பப் போடச் சொன்னான். கார்கள் இல்லாததால் கமரா ஒலியை மெல்லக் கூட்டிவிட்டது. எல்லாம் தெளிவாகக் கேட்கிறது. பிரெஞ்சில் பாட்டு, இத்தாலிய மொழியில் கத்தல், நடுவில் யாழ்ப்பாணத் தமிழில் மூச்சிரைத்தபடி ஒரு குரல்: “தம்பி, புளிச்சாதப் பெட்டியை விட்டிட்டு வந்திட்டன்!”

“இது ஆர் அக்கா?” என்றான். மாமா பின்னால் கதிரையில்தான் இருந்தார். நான் அவருடைய வலது பக்கம் போய்க் குனிந்து, அவன் கேட்டதைச் சொன்னேன்.